பதிவுக்கு முந்திய நாற்பது விநாடி

அந்த நூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘பத்திரம்’. வயதில் சிறியவர்களுக்குப் பத்திரம் அக்கா, பெரியவர்களுக்குப் பத்திரம்மா. ஒரு பேனாவை இரவல் கொடுத்தாலும் “பத்திரம்” என்று சொல்லித்தான் கொடுப்பாள். திரும்பி வரும்போது “பத்திரமா இருந்துச்சா?” என்று பேனாவுக்கு நலம் விசாரிப்பாள். வாசல் காவலாளி ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அக்காகிட்ட சாவி கொடுத்தா, இதுக்கு ரெண்டாவது சாவி எங்கேன்னு கேப்பாங்க. அதையும் கொடுத்தா, மூணாவது எங்கேன்னு கேப்பாங்க.” அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “மூணாவது எங்கேண்ணா?” என்றுதான் கேட்டாள்.

இந்தக் குணம் அப்பாவால் வந்தது. அப்பா தையல்காரர். வாடிக்கையாளர்களின் அளவையெல்லாம் ஒரே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அந்த நோட்டு பேருந்தில் தொலைந்தது. அப்பா ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கெஞ்சி, மறுபடியும் அளவெடுக்க வேண்டியதாயிற்று. பாதிப் பேர் பெருத்திருந்தார்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை. “பழைய அளவையே போடுங்க” என்றார்கள். பழைய அளவு இருந்தால்தானே போடுவதற்கு! அந்த ஒரு மாதம் அப்பாவின் முகத்தைப் பார்த்த பெண், பிறகு வாழ்நாள் முழுக்க எதையும் ஒற்றைப் பிரதியாக விட்டுவைத்ததில்லை.

அவள் வேலை பார்த்தது நூலகத்தின் மூன்றாம் மாடியில், குரல் காப்பகத்தில். உழைத்துப் பிழைத்தவர்களின் பேச்சை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்து வைக்கும் இடம் அது. செங்கல் சுட்டவர், பேருந்து ஓட்டியவர், பிரசவம் பார்த்தவர், விளம்பரப் பலகை எழுதியவர் என்று நாலாயிரத்துச் சொச்சம் பேர் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் கணினியில் கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் மனிதருக்கு இருப்பதைப் போல ஒரு கைரேகை உண்டு. நீளமான ஓர் எண். கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். வாரா வாரம் அத்தனை ரேகைகளையும் அவள் ஒப்பிட்டுப் பார்ப்பாள். வேடிக்கை என்னவென்றால், நாலாயிரம் பேரின் ரேகையைப் பார்த்தவள் அவர்களில் நாலு பேர் பேச்சைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. ரேகை சரியாக இருந்தால் ஆள் சௌக்கியம், அடுத்த ஆள்.

அந்தப் பேச்சுகளில் முக்கால்வாசியைப் பதிவுசெய்தவர் அவளுடைய கணவர். அவருக்கு ஒலிப்பதிவாளர் உத்தியோகம், வெண்கலம் என்று பட்டப்பெயர். அப்படியொரு குரல். கீழ்த்தளத்தில் அவர் தும்மினால் மூன்றாம் மாடியில் “வெண்கலம் வந்தாச்சு” என்பார்கள். கல்யாணத்துக்கு முன் பதிவு நாடாக்களைக் கொடுக்க மேலே வருவார், கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான், இடம் மட்டும் சமையலறை. பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த வீடு அதற்காக ஒருநாளும் சத்தமில்லாமல் இருந்ததில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிவு தொடங்குவதற்கு முன், ஒலிவாங்கியின் அளவைச் சரிபார்க்கப் பேசுகிறவரைக் கொஞ்சம் பேசவிட வேண்டும். மற்றவர்கள் “ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க” என்பார்கள். எண்ணச் சொன்னால் மனிதன் எண்ணுகிற குரலில்தான் எண்ணுவான், அது அவனுடைய சொந்தக் குரல் இல்லை என்பது வெண்கலத்தின் கட்சி. அதனால் அவர் தேதியையும் எண்ணையும் சொல்லிவிட்டு, “வீட்ல யார் யார் இருக்காங்க?” என்று கேட்பார். ஆள் பதில் சொல்லச் சொல்லத் திருகைத் திருகிச் சரியாக வைப்பார். பிறகு “சரி, ஆரம்பிக்கலாங்களா?” என்பார். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி. அதற்கப்புறம் அவர் மூச்சுகூடக் கேட்காது. ஒலிப்பதிவாளன் குரல் பதிவில் இருக்கக் கூடாது, இருந்தால் அவன் வேலை தெரியாதவன் என்பார்.

பொதுமக்கள் கேட்பதற்காகச் செய்யும் பிரதியில் அந்த நாற்பது விநாடியை வெட்டிவிடுவார்கள். அளவும் சுருங்கும். வெட்டாத, சுருக்காத மூலப் பதிவு, பிரதியைப் போலப் பத்து மடங்கு பெரியது. அது கணினியின் அடியில் தனியாகக் கிடக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் வெண்கலத்தின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மருத்துவர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. இயந்திரம் வைத்துப் பேசலாம் என்றார்கள். அந்தக் கரகரப்பை ஒருமுறை கேட்டவர் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் எழுதுகோலும் வாங்கிக்கொண்டார். முதல் நாள் அதில் எழுதிய வாசகம், “இனிமே நீ பேசு, நான் கேக்கறேன்.” அவளுக்குப் பேச எங்கே தெரியும்? இருபது வருடம் கேட்டே பழகியவள். அவர் எழுதுவார், அவள் படிப்பாள், சிரிப்பாள். நன்றாகத்தான் போயிற்று. ஆனாலும் அந்தக் குரலுக்காக அவள் ஏங்கினாள். சமையலறையில் நிற்கும்போது ஏங்கினாள், படியேறும்போது ஏங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் முன்னால் அழுவது அவரைக் குற்றம் சொல்வது போல ஆகிவிடும் என்று நினைத்தாள்.

குரல் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மூலப் பதிவுகளில், ஆளுக்கு நாற்பது விநாடி வீதம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது. ஒரே ஒரு சொடுக்கில் கேட்டுவிடலாம். பயந்துகொண்டு கேட்கவே இல்லை. வாரா வாரம் ரேகையைப் பார்ப்பாள், சரியாக இருக்கும். பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று அடுத்த வேலைக்குப் போவாள்.

அப்படி இருக்கும்போதுதான் காப்பகத்தின் பழைய மென்பொருள் கையை விரித்தது. புதியது வந்தது. மென்பொருள் என்பது கடையின் முகப்பு மாதிரி. வருகிறவர் கேட்டதை எடுத்துக் கொடுக்கும். சரக்கு இருப்பது பின்னால், கிடங்கில். அந்தக் கிடங்கு எது என்பதை வாங்குகிறவர்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழைய கிடங்கோ பன்னிரண்டு வயதுக் கணினி. அதன் விசிறிச் சத்தத்தை வைத்தே எந்த டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள் பத்திரம். மிஞ்சிப்போனால் இன்னும் ஆறு மாதம்.

நூலகர் அவளை அழைத்தார். நல்ல மனிதர்; எதையும் பாதிதான் கேட்பார், ஆனால் கேட்ட பாதியை மறக்க மாட்டார்.

“கிடங்கை நீங்களே தேர்ந்தெடுங்கம்மா. பத்து வாரம் தரேன். என்ன சொல்றீங்களோ அதுலதான் குழு கையெழுத்துப் போடும்” என்றார்.

மூன்று வழிகள் இருந்தன. சொந்தமாக டிஸ்க் அடுக்கு வாங்கி வைக்கலாம்; நொடியில் எடுக்கலாம், ஆனால் இரவும் பகலும் குளிரூட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிளவுட் என்கிற வாடகைக் கிடங்குக்குப் போகலாம். இயந்திரக் கவலை நம்முடையதல்ல, ஆனால் நம் பொருளைப் பார்க்க நாமே வரிசையில் நிற்க வேண்டும். அல்லது டேப். உள்ளங்கை அகல நாடாப்பெட்டிகள். மின்சாரம்கூட வேண்டாம், அலமாரியில் முப்பது வருடம் உறங்கும். எழுப்பத்தான் நேரமாகும். மூன்றுக்கும் மூன்று விற்பனையாளர்கள் வந்தார்கள். மூவரும் திரையில் பூட்டுப் படம் காட்டினார்கள். பத்திரம் மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “வாங்கி வெக்கறதைப் பத்தி ரொம்ப நல்லாச் சொல்றீங்க தம்பி. திருப்பிக் கொடுக்கறதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்.” அந்த இடத்தில் மூன்று பேருக்கும் தண்ணீர் தேவைப்பட்டது.

இவ்வளவு வரையில் அவளுக்குச் சந்தோஷம்தான். மூன்றாவது வாரத்தில் நூலகர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

“ஏம்மா, அந்த மூலப் பதிவெல்லாம் எதுக்கு? கடைசிப் பத்து வருஷத்துல அதை எத்தனை பேர் திறந்து பார்த்திருக்காங்க?”

“ஒருத்தரும் இல்ல சார்.” இதற்குக் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை.

“பிரதி மட்டும் போதும்னு வெச்சா, சொந்த டிஸ்க்குலயே அடங்கிடும். பத்துல ஒரு பங்கு இடம்தான். யோசிச்சுச் சொல்லுங்க. முடிவு உங்களோடது.”

மூலப் பதிவுகள் போனால் வெண்கலத்தின் குரலும் போயிற்று. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. மற்றவரையே பதிவுசெய்து திரிந்தவருக்குத் தன் குரலை ஒரு தடவை பிடித்து வைக்கத் தோன்றவில்லை. ‘வேண்டாம் சார், எல்லாத்தையும் வெச்சுக்கலாம்’ என்று சொல்ல வாயெடுத்தாள். உடனே உள்ளே ஒரு கேள்வி எழுந்தது: இதைச் சொல்வது காப்பகத்துக்காகவா, வீட்டுக்காகவா? பரிமாறுகிறவள் தன்னவளானால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று ஊர் சொல்லாதா? ஊர் சொல்லாவிட்டாலும் அவளுக்கே தெரியுமே. “யோசிக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தாள். நூறு பதிவுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, மூலத்தையும் பிரதியையும் மூன்று கிடங்குகளுக்கும் அனுப்பி, திரும்ப வாங்கி, ரேகை ஒப்பிடுவது. வாடகைக் கிடங்கிலிருந்து வந்த ஒரு மூலப் பதிவில் ரேகை பொருந்தவில்லை. எங்கே கெட்டிருக்கிறது என்று காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வழியில்லை. காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

தேதி சொன்னது வெண்கலக் குரல். எண் சொன்னது. “வீட்ல யார் யார் இருக்காங்க?” என்று கேட்டது.

பதில் சொன்னவர் கிணறு வெட்டுகிற ஒரு பெரியவர். மனைவி, மூன்று மகன்கள், ஒரு மருமகள் என்று அடுக்கிவிட்டு, “உங்க வீட்ல எத்தனை பேருங்க தம்பி?” என்று திருப்பிக் கேட்டார்.

“நானும் அவளும்தாங்க. நான் பேசுவேன், அவ கேட்டுட்டே இருப்பா. கேக்க அவ இல்லேன்னா இந்தத் தொண்டை எதுக்கு, சொல்லுங்க?” வெண்கலம் சிரித்தது. “சரி, ஆரம்பிக்கலாங்களா?”

அவள் ஒலிப்பானைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து, மாடிப்படியில், யாரும் வராத திருப்பத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று வருடத்து அழுகை, சீக்கிரம் தீரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கடைசிவரை கேட்டு, பழுதைக் கண்டுபிடித்தாள். இணைப்பு நடுவில் அறுந்ததால் முடிவில் இரண்டு விநாடி விடுபட்டிருந்தது. மறுபடி அனுப்பியதும் சரியாகிவிட்டது. குறிப்பேட்டில் அதை எழுதும்போது அவள் கை எப்போதும் போலத்தான் எழுதியது.

அந்த வாரம் மதிய இடைவேளைகளில் அவள் மற்ற தொண்ணூற்றொன்பது பதிவுகளின் தொடக்கத்தையும் கேட்டாள். பதினொன்றில் பேச வந்தவர்கள் திருப்பிக் கேட்டிருந்தார்கள், அவரும் பதில் சொல்லியிருந்தார். “புதுசா கல்யாணம் ஆகியிருக்கு, இன்னும் என்கிட்ட வெக்கப்படறா.” “வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, என் செருப்புக்குக்கூட நகல் எடுத்து வெச்சிருப்பாங்க.” “அவளுக்குக் காய்ச்சல். அதான் இன்னிக்குச் சீக்கிரம் முடிச்சுக்கலாமான்னு பாக்கறேன்.” தன்னைப் பற்றி அவர் ஊரெல்லாம் பேசித் திரிந்திருக்கிறார். ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை.

இனிமேல் தன் தீர்ப்பில் தனக்கே நம்பிக்கை கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சாயங்காலம் வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: “அழிச்சுடு.”

“என்னங்க இது, ஒரேயடியா?”

“அது வேலை இல்ல. வேலைக்கு முன்னாடி வர்ற குப்பை. துணி தைச்சதுக்கு அப்புறம் வெட்டுத்துண்டை யாராவது பீரோல வெப்பாங்களா?”

“எங்கப்பா வெப்பார். கிழிஞ்சா ஒட்டுப்போட அதுதான் வேணும்.”

அவர் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதினார். “என் குரல் போனது போனதுதான். அதுக்காக உன் வேலைல தப்பு வரக் கூடாது. நாலு பேர் உன்னைச் சொல்லக் கூடாது.”

அவள் அதைப் படித்தாள், பலகையைத் துடைத்து வைத்தாள். மறுநாள் அறிக்கை எழுதினாள்: கேட்புப் பிரதிகள் சொந்த டிஸ்க்கில், மூலப் பதிவுகளுக்குக் கிடங்கு தேவையில்லை. ஓரவஞ்சனை செய்துவிடுவோமோ என்ற பயத்தில் சொந்த வீட்டுக்கே அநியாயம் செய்கிற ஆட்கள் உண்டு; நம் பத்திரம் அந்த ஜாதி. மூன்றாவது சாவியைக் கேட்டவள், இருந்த ஒரே சாவியைக் கிணற்றில் போடச் சொல்லிக் கையெழுத்திட்டாள். நூலகர் வாங்கிப் பார்த்து, “நல்லது” என்றார். வாடகைக் கிடங்கையும் டேப்பையும் பற்றி அவள் எழுதியிருந்த ஒன்பது பக்கத்தையும் அவர் புரட்டவே இல்லை. குழு அடுத்த புதன்கிழமை கூடுவதாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும்; பேருந்து ஓட்டுநர் சீருடை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவின் பேச்சு இங்கே இருக்கிறதென்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, பணி முடிந்த கையோடு வந்திருக்கிறாள். பத்திரம் அவளைக் கேட்பறையில் உட்காரவைத்துப் பிரதியைப் போட்டுவிட்டு வந்தாள்.

கால் மணி நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள்.

“முடிஞ்சிருச்சா?”

“இல்லக்கா. நல்லாத்தான் பேசியிருக்காங்க. எத்தனை போர்வை, எத்தனை சோப்பு எல்லாம் சொல்றாங்க.” அவள் தயங்கினாள். “ஆனா எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க. யாரோ ஆபீசர் முன்னாடி கையைக் கட்டிட்டு நிக்கற மாதிரி இருக்கு. போயிட்டு வரேங்க்கா. உங்களுக்குச் சிரமம்.”

அவள் வாசல்வரை போய்விட்டாள். பத்திரத்துக்கு என்ன தோன்றிற்றோ, “ஒரு நிமிஷம் இரும்மா” என்று கூப்பிட்டாள். காப்பகத்தின் சட்டப்படி பொதுமக்களுக்கு மூலப் பதிவைப் போடக் கூடாது. இருபது வருடத்தில் ஒரு சட்டத்தை மீறாதவள் அன்றைக்கு மீறினாள். தன் இருக்கையிலேயே அந்தப் பெண்ணை உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

தேதி, எண். “வீட்ல யார் யார் இருக்காங்கம்மா?”

“வீட்லயா?” என்றது ஓர் அம்மாவின் குரல், சாவகாசமாக. “ஏன் கேக்கறீங்க! பெரியவன் இருக்கான், வாயில கொழுக்கட்டை. நடுவுல ஒருத்தன், அவன் பசிச்சாத்தான் வீட்டுக்கு வருவான். அப்புறம் சின்னவ. ஐயோ, வாயாடிங்க! அவ பேச ஆரம்பிச்சா பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேற தெருவுக்குப் போயிடும்.” அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார், வெண்கலமும் சேர்ந்து சிரித்தது, “ஆனா அவ வீட்ல இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காதுங்க” என்றார் அம்மா, சிரிப்பு அடங்காமலே.

“சரிங்கம்மா, ஆரம்பிக்கலாங்களா?” என்றது வெண்கலம். உடனே அம்மாவின் குரல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. “வணக்கம். நான் ஆஸ்பத்திரியில்...”

ஓட்டுநர் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. கையை எடுத்துவிட்டு, “அந்த வாயாடி நான்தாங்க்கா” என்றாள்.

“தெரியுது.”

“கேள்வி கேக்கறது யாரு? அம்மாவை இப்படிச் சிரிக்க வெச்சிருக்காரே. நல்ல குரல்.”

“எங்க வீட்டுக்காரர்” என்றாள் பத்திரம். சொன்ன பிறகுதான் தெரிந்தது, மூன்று வருடத்தில் அந்தக் குரலைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் போனதும் அவள் உட்கார்ந்து யோசித்தாள். தன் வீட்டு ஆசை, தன் வீட்டு வெட்கம் என்று இத்தனை நாள் மறைத்து வைத்தது அவள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. மூவாயிரம் பேருடைய வீடும் அந்த நாற்பது விநாடியில்தான் இருக்கிறது. மீதியில் இருப்பது அவர்களுடைய வேலை. மனிதர்களை வெட்டி எறிந்துவிட்டு, அவர்கள் துவைத்த போர்வைக் கணக்கை இத்தனை காலம் கைரேகை பார்த்துக் காத்திருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

நேரே நூலகர் அறைக்குப் போனாள். “என் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்க சார்.”

“கொடுத்ததைத் திருப்பி வாங்கறதா? நீங்களா கேக்கறது?”

“தப்பா எழுதிட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மூலப் பதிவுல எங்க வீட்டுக்காரர் குரல் இருக்கு. இப்ப அவருக்குப் பேச்சு இல்லேன்னு உங்களுக்கே தெரியும். அதனால நான் சொல்றதைப் பாதி விலைக்கு எடுத்துக்குங்க. ஆனா உங்க காதால அஞ்சு பதிவு கேளுங்க. அதுக்கப்புறம் நீங்க வேணாம்னா வேணாம்.”

நூலகர் ஐந்து கேட்டார். பிறகு அவள் சொல்லாமலேயே ஆறாவதைப் போடச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ முழுதாகக் கேட்ட மனிதர் போல இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எங்கே வெக்கறது இதை?” என்றார்.

“பிரதி நம்ம டிஸ்க்குல இருக்கட்டும், வர்றவங்களுக்கு உடனே கிடைக்கணும். மூலம் டேப்புல. ரெண்டு செட். ஒண்ணு இங்கே, ஒண்ணு வேற கட்டடத்துல. புது மென்பொருள்ல எந்தக் கோப்புக்கு எந்தக் கிடங்குன்னு தனித்தனியாச் சொல்லலாம்.”

“ரெண்டுதானா? உங்க வழக்கம் மூணாச்சே?”

“மூணாவது வாடகைக் கிடங்குல வெக்கலாம் சார். நீங்க கேப்பீங்களான்னு பாத்தேன்.”

“டேப்புல இருந்து எடுக்க எவ்வளவு நேரமாகும்?”

“இருபது நிமிஷம்.”

“நாப்பது விநாடியைக் கேக்க இருபது நிமிஷம் காத்திருக்கணுமா?”

“காத்திருப்பாங்க சார்” என்றாள்.

குழு கையெழுத்துப் போட்டது. டேப் இயந்திரம் வந்து இறங்கி, நாலாயிரம் பதிவுகளும் அதில் ஏற ஆறு வாரம் ஆயிற்று. ஏறியது ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கும் நாளுக்கு, ஒலிப்பதிவாளர் நேரில் வந்து காதால் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று அவளே ஒரு விதி எழுதி, நூலகரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். இப்படியொரு விதி எந்த நூலகத்திலும் கிடையாது. வெண்கலத்துக்கும் அது தெரியும். “இது மோசடி” என்று பலகையில் எழுதினார். ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

சீட்டுக் குலுக்கியதில் ஓர் எண் வந்தது. இயந்திரத்தின் கை ஊர்ந்து போய் ஒரு பெட்டியைப் பிடித்தது. இருவரும் குளிரூட்டிய டேப் அறையில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் தன் குரலைக் கேட்டதில்லை. “பயமா இருக்கா?” என்று கேட்டாள். அவர் எழுதவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவள் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இருபது நிமிடம் ஆயிற்று. ரேகை பொருந்தியது. பொத்தானை அழுத்தினாள்.

தேதி, எண். இரயில்வே கேட்டைத் திறந்து மூடும் ஒரு பெண்மணி தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, “உங்களுக்கு?” என்றார்.

“எனக்கு ஒருத்திதாங்க. காலையில சண்டை போட்டுட்டு வந்துட்டேன்” என்றது குரல். இளைய குரல்; அறை முழுக்க நிறைந்தது. “சாயங்காலம் போய்ப் பேசணும். பேசினாச் சரியாப் போயிடும். நான் பேச ஆரம்பிச்சா அவளுக்குச் சிரிப்பு வந்துடும். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கற சாமர்த்தியம். ஆரம்பிக்கலாங்களா?”

அவள் நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பலகையில் எழுதுகோல் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்கு சண்டை?” என்று எழுதியிருந்தார்.

“ஞாபகம் இல்லீங்க. சத்தியமா ஞாபகம் இல்லை.”

அவர் உள்ளங்கையால் அழித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ‘அழிச்சுடு’ என்று எழுதிய அதே கை, அதே பலகையில் மெதுவாக எழுதி அவள் பக்கம் திருப்பியது.

“இன்னொரு தடவை போடு.”